இரங்கலுக்கு என்ன அவசரம்?

டெலிபோன் அலறியது.

கண்ணாடி முன் நின்று புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த டீச்சர், சேஃப்டி பின்னைப் பல்லில் கடித்தபடியே ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... எம்.பி. விடுதியிலேர்ந்து போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க அண்ணன் ரூமுக்குக் கொஞ்சம் வர முடியுமா?"

"அண்ணன் எங்கே? அவர்கிட்ட கொடுங்க."

மறுமுனையில் ஒரு தும்மல்.

"நீங்களே வந்துடுங்க மேடம்."

சேஃப்டி பின் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றாமல் ஓடினாள்.

அவள் ஓடட்டும். அதற்குள் அவளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடலாம்.

அவள் நாடாளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சி. அதற்கு முன் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சபையில் முதன்முதலாகப் பேச எழுந்த அன்று, "டீச்சர் வந்துட்டாங்க, எல்லாரும் கையைக் கட்டுங்கப்பா" என்று எதிர் வரிசையில் யாரோ கிண்டலடித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. கிண்டல்தான் நாளடைவில் கழன்று போயிற்று.

பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே படிப்பு, ஒரே பங்கு. பள்ளிக்கூட வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஜெயில்... இதுதான் அவளுடைய மசோதா. அதைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறாத படி இல்லை, வாங்காத ஏச்சு இல்லை. அதற்கு இன்றைக்கு ஓட்டெடுப்பு. இன்றோடு சபையின் ஆயுளும் முடிகிறது. நாளை கலைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போகிறார்கள். இன்று நிறைவேறாத மசோதா குப்பைக் கூடைக்குத்தான் போகும்.

அண்ணனும் உறுப்பினர்தான். ஆனால் ஆளுங்கட்சி. சபையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். தங்கை பேச்சை இழுத்தால் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். 'போதும், முடி' என்று அர்த்தம். அவளும் முடித்துவிடுவாள். இந்த ஒரு மசோதாவுக்கு மட்டும், தன் கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறித் தங்கை பக்கம் ஓட்டுப் போடுவதாக அவர் ஊரறியச் சொல்லியிருந்தார்.

காரணம் இருந்தது. அவர்களுக்கு ஒரு குட்டித் தங்கை இருந்தாள். பையன் படிக்கட்டும், பெரியவளும் ஏதோ கொஞ்சம் படிக்கட்டும், சின்னவள் பணக்கார வீட்டில் பாத்திரம் தேய்க்கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளின் தலையெழுத்தைப் பங்கு போட்டார்கள். போன பிள்ளை திரும்பி வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "ஸ்கூல் திறந்துட்டாங்களாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் மடியில் கண்ணை மூடியது. அன்றைக்கு ஆரம்பித்த மசோதா இது.

அண்ணன் அறை வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தாள். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்து, கர்ச்சீப்பும் கையுமாக இருந்த பெண்மணி. வழிவிட்டாள்.

அண்ணன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். போர்வை கழுத்துவரை ஒழுங்காக இழுத்துவிடப்பட்டிருந்தது. போர்வையை உதைத்துத் தள்ளாமல் தூங்கத் தெரியாத மனிதர் அவர்.

டீச்சர் அழவில்லை. போர்வைக்கு மேலாக அவர் பாதத்தைத் தொட்டாள். பிறகு கட்டிலோரம் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த டாக்டர் தயங்கித் தயங்கிப் பேசினார். இதய நோயாளி என்று எல்லோருக்கும் தெரியும். மாரடைப்பு என்று எழுதிவிட்டுப் போயிருப்பாராம். ஆனால் இமையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பொட்டுப் பொட்டாக ரத்தம். உதட்டின் உட்பக்கம் பல் அழுந்திய காயம். யாரோ தலையணையை முகத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். நேற்றே உயிர் போய்விட்டது.

"நகத்துக்கு அடியில தோல் இருக்கு மேடம்," என்றாள் இன்ஸ்பெக்டர். "சும்மா விடலை உங்க அண்ணன். எவனோ ஒருத்தனை நல்லாப் பிறாண்டியிருக்கார்."

"யார் முதல்ல பார்த்தது?"

வரவேற்பில் உட்காரும் பெண் மூலையில் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகிறது. நேற்று வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் அவளுக்கு ஒரு போன் வந்ததாம். இந்த அறை உறுப்பினர் பேசுவதாகச் சொன்ன ஆண் குரல், காலையில் தன்னை எழுப்பிவிடச் சொன்னதாம். கதவு திறக்காவிட்டால் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே வந்து எழுப்ப வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னதாம். அப்படியே செய்தாள். எழுந்திருக்கத்தான் ஆள் இல்லை.

"எங்க அண்ணனை யாரும் எழுப்ப வேண்டியதில்ல," என்றாள் டீச்சர். "அவர்தான் சேவலையே எழுப்புவார்."

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப போன் பண்ணினது கொன்னவன்தான். நானும் எத்தனையோ கொலை பார்த்தாச்சு மேடம். எல்லாரும் பிணத்தை மறைக்கத்தான் பார்ப்பாங்க. சீக்கிரம் வந்து கண்டுபிடிங்கன்னு ஆள் வைக்கறவனை இப்பத்தான் பார்க்கறேன். அவர் ஓட்டு உங்களுக்கு விழக்கூடாதுன்னு கொன்னிருந்தா, பிணம் சாயங்காலம் கிடைச்சாலும் அவனுக்கு ஒண்ணுதானே?"

"ஓட்டுக்காக இருக்காது. அண்ணன் ஓட்டு இல்லாமலே ஒரு ஓட்டு வித்தியாசத்துல நாங்க ஜெயிப்போம். எல்லாரும் கணக்குப் போட்டு..."

டீச்சர் பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்தது.

"என்ன மேடம்?"

"சபை மரபு..." என்றாள். "பதவியில இருக்கற உறுப்பினர் இறந்துட்டா, சபை கூடி இரங்கல் தெரிவிச்சுட்டு, அந்த நாள் முழுக்க ஒத்திவெச்சுடுவாங்க. வேற எந்த அலுவலும் கிடையாது. இன்னைக்கு ஒத்திவெச்சா..."

"நாளைக்குச் சபையே கிடையாது," என்று முடித்தாள் இன்ஸ்பெக்டர்.

ஆக, அண்ணன்மேல் கொலைகாரனுக்குக் கோபமே கிடையாது. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு சாவு. சுலபமாகச் சாகக்கூடிய, செத்தால் யாரும் சந்தேகப்படாத ஒரு ஆள்... அவ்வளவுதான்.

இதை நினைத்தபோதுதான் டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள்.

"இன்ஸ்பெக்டர், எழுத்துல தகவல் போனாத்தான் சபாநாயகர் அறிவிப்பார். அது எப்பப் போகணும்?"

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"டாக்டர் பரிசோதனையை முடிக்கணும். நான் அறையைச் சோதிக்கணும். எனக்கு வேற ஜலதோஷம், கை மெதுவாத்தான் ஓடும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "செய்தி கேக்கறதுக்கு ஒருத்தன் காத்துட்டு இருக்கான். அது வரலைன்னா அவனால சும்மா இருக்க முடியாது. ஆனா நீங்க சபையில போய் உட்காரணும் மேடம். எதுவும் நடக்காத மாதிரி. முடியுமா?"

டீச்சர் எழுந்தாள். அண்ணன் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"முடியாதுதான். போறேன்," என்றாள்.

சபையின் நுழைவாசல். உறுப்பினர்கள் செல்போனை அங்கே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீச்சர் போனைப் போடப் போகும்போது அது அடித்தது.

அண்ணி.

ஊரிலிருந்து பேசினாள். அவர் போனை எடுக்கவில்லையாம். சபைக்குப் போகிற பரபரப்பில் இருப்பார் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

"காலை மாத்திரையைப் போட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா. நேத்து பேசும்போது மூச்சு ஒரு மாதிரி இருந்துச்சு. நான் சொன்னா எரிஞ்சு விழுவார். நீ சொன்னா கேப்பார்."

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"போட்டுட்டார் அண்ணி."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்பாடா. இன்னைக்கு ஜெயிச்சுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து ஊருக்கு வாங்க. தங்கச்சி மசோதா, தங்கச்சி மசோதான்னு ஒரு மாசமா அதே பேச்சுதான் அவருக்கு."

போனைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். அந்த 'அப்பாடா' அளவுக்கு எதுவும் வலித்ததில்லை.

சபை கூடியது.

எதிரே அண்ணன் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் கொறடா. டீச்சரின் சந்தேகமெல்லாம் அந்த ஆள்மேல்தான். 'மாத்தி ஓட்டுப் போட்டுப் பாரு, அப்புறம் நீ எப்படி நடமாடறேன்னு பார்க்கறேன்' என்று நடைக்கூடத்தில் வைத்து அண்ணனை மிரட்டியவர் அவர். டீச்சர் அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் கொறடா சபாநாயகரைப் பார்க்கவில்லை. நொடிக்கொரு தரம் வாசலைத்தான் பார்த்தார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். அண்ணன் இனி வரமாட்டார் என்று தெரிந்த ஆள் அப்படி வாசலைப் பார்ப்பாரா? டீச்சருக்குக் குழப்பமாக இருந்தது.

"அண்ணன் எங்க டீச்சரம்மா? வரலையா?"

பக்கத்து இருக்கையிலிருந்து மெல்லிய குரல். பலூன் மாமா.

பலூன் மாமாவைத் தெரியாத குழந்தை இந்த நாட்டில் உண்டா? எந்த விழாவுக்குப் போனாலும் பை நிறைய பலூனோடு போவார். தானே ஊதித் தானே கொடுப்பார். டீச்சரின் கட்சியில் மூத்தவர். மசோதாவில் அவள் கையெழுத்துக்குக் கீழே முதல் கையெழுத்து அவருடையது.

"வந்துடுவார் சார்," என்றாள். எத்தனையாவது பொய் இது என்று அவளுக்கே தெரியவில்லை.

பலூன் மாமா தலையாட்டினார். தண்ணீர் குடித்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டார். மறுபடி தண்ணீர் குடித்தார்.

டீச்சர் பேச அழைக்கப்பட்டாள். எழுந்தாள். என்ன பேசினாள் என்று பின்னால் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து நகம் கரைந்துபோன ஒரு பெண் பிள்ளையைப் பற்றிப் பேசினாள். மில் விடுதியில் வெளியே பூட்டிவிட்டுப் போனதால் புகையில் மாண்டு போன சிறுமிகளைப் பற்றிப் பேசினாள். அப்படி மூடி மறைக்கப்பட்ட வழக்குகளை மறுபடி திறக்க வேண்டும் என்ற பிரிவைச் சேர்க்கச் சொல்லி, குழுவில் கடைசி நாள்வரை போராடி வென்றது தன் அண்ணன் என்று சொன்னாள். பேச்சு நீண்டது. கண் தானாக எதிர்வரிசைக்குப் போயிற்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க அங்கே யாரும் இல்லை.

சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். மேஜைகளைத் தட்டும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

சபாநாயகர் நிமிர்ந்தார்.

"மசோதா இப்போது ஓட்டெடுப்புக்கு விடப்படுகிறது. கதவுகளை மூடுங்கள்..."

"தலைவர் அவர்களே, ஒரு நிமிஷம்!"

குரல் எதிர் வரிசையிலிருந்து வரவில்லை. டீச்சரின் காதோரத்திலிருந்து வந்தது.

பலூன் மாமா எழுந்து நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மிகுந்த வேதனையோடு சொல்கிறேன். நம் டீச்சரம்மாவின் அண்ணன், மாண்புமிகு உறுப்பினர், விடுதி அறையில் காலமாகிவிட்டார். இப்போதுதான் எனக்குத் தகவல் வந்தது. மரபுப்படி இரங்கல் தெரிவித்து, சபையை ஒத்திவைக்க வேண்டும்!"

சபை அதிர்ந்தது. கொறடா வாயைப் பிளந்தார்.

டீச்சருக்கு மட்டும் உலகமே நின்றுபோன மாதிரி இருந்தது.

இப்போதுதான் தகவல் வந்ததா? எப்படி? போன் வாசலில் பூட்டிக் கிடக்கிறது. துண்டுச் சீட்டு எதுவும் வரவில்லை. யாரும் வந்து காதைக் கடிக்கவில்லை. சபை கூடியதிலிருந்து இந்த மனிதர் இருக்கையை விட்டு நகரவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரியாதா?

"தலைமைக்கு எந்தத் தகவலும் வரவில்லை," என்றார் சபாநாயகர். "ஓட்டெடுப்பு அறிவித்த பிறகு வேறு எதற்கும் இடமில்லை. உறுப்பினர் உட்காரலாம்."

மணி அடித்தது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

"டீச்சரம்மா, நீங்களாவது சொல்லுங்க..."

டீச்சர் அவர் கையைப் பிடித்து இருக்கையில் இழுத்து உட்கார வைத்தாள். இழுத்த வேகத்தில் அவர் 'ஸ்ஸ்' என்று முகத்தைச் சுளித்தார். சட்டைத் துணிக்கு அடியில் அவள் விரலுக்குக் கட்டுத் துணி தட்டுப்பட்டது.

அண்ணனின் நகம்.

கத்த வேண்டும் போலிருந்தது. இவன்தான், இவன்தான் என்று அந்தச் சபையே இடிந்து விழும்படி கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால்? சபை ரெண்டுபடும். ஒத்திவைப்பார்கள். அவன் கேட்டதும் அதுதானே? அதோடு, அந்த ஒரு ஓட்டு வித்தியாசத்தில் இவன் ஓட்டும் சேர்த்தி. இவன் சும்மா இருந்துவிட்டாலே சமமாகிவிடும். சமமானால் மசோதா தோற்கும்.

கட்டுத் துணிமேல் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

"யாரோ புரளி கிளப்பியிருக்காங்க சார்," என்றாள். தன் குரல் இவ்வளவு அமைதியாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "அண்ணன் நல்லாத்தான் இருக்கார். காலையில பார்த்துட்டுத்தான் வர்றேன்."

பலூன் மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நல்லா... இருக்காரா?"

"லேசா மூச்சுத்திணறல். டாக்டர் பக்கத்துலயே இருக்கார். நேத்து யாரோ வந்துட்டுப் போனதா அண்ணன் சொன்னார், யாருன்னு கேக்கறதுக்குள்ள மணியாயிடுச்சு. சாயங்காலம் விவரமாச் சொல்றேன்னார்." அவள் அவர் முன்னாலிருந்த பொத்தான்களைக் காட்டினாள். "கேமரா நம்ம மேலதான் இருக்கு சார். உங்க பேர் போட்ட மசோதா. நீங்க பச்சையை அமுக்கலைன்னா, ஏன்னு முதல்ல கேக்கப்போறது அவராத்தான் இருக்கும்."

உயிரோடிருக்கும் ஆள் வாயைத் திறக்கப் போகிறார். அப்போது தன்னைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது... பலூன் மாமாவின் மூளை எவ்வளவு வேகமாக ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் விரல் பச்சைப் பொத்தானை அமுக்கியது.

பலகையில் எண்கள் விழுந்தன.

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். மசோதா நிறைவேறியது.

எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு கை கொடுத்தார்கள். டீச்சர் யார் கையையும் பிடிக்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று டி.வி.யில் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

கதவு திறந்ததும் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றிருந்தாள். பலூன் மாமாவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட்.

"சார், வெளி கேட்ல குழந்தைங்க கூட்டமா நிக்கறாங்க. பலூன் மாமாவைப் பார்த்தாத்தான் போவோம்னு ஒரே அடம்."

குழந்தைகள் என்றால் கேமராவும் இருக்கும். பலூன் மாமா பழக்க தோஷத்தில் புன்னகையை மாட்டிக்கொண்டு நடந்தார். சபை வளாகத்துக்குள் ஓர் உறுப்பினரைக் கைது செய்ய சபாநாயகரின் அனுமதி வேண்டும். கேட்டுக்கு வெளியே வேண்டாம். அங்கே குழந்தை ஒன்றுகூட இல்லை. ஒரு ஜீப் இருந்தது. ஜீப்பில் வரவேற்புப் பெண் இருந்தாள்.

விடுதி டி.வி.யில் சபை நடவடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பலூன் மாமா எழுந்து பேசிய அந்த நொடியே "இந்தக் குரல்தான் மேடம்" என்று கத்தியிருக்கிறாள்.

"சட்டைக் கையைக் கொஞ்சம் மடிச்சு விடுங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

கட்டை அவிழ்த்தால், முழங்கைவரை நீள நீளமான கீறல்கள்.

இனி அவனுக்கு மரியாதை எதற்கு? எல்லாம் கக்கினான். அந்த மில் அவனுடையது. மைத்துனன் பெயரில் ஓடுகிறது. விடுதியை வெளியே பூட்டச் சொன்னதும் அவன்தான். பல்லில்லாத மசோதாவாக இருந்தவரை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டவன், பழைய வழக்கைத் திறக்கும் பிரிவைப் பார்த்ததும் அரண்டு போனான். நேற்று அண்ணன் அறைக்குப் போய்க் கெஞ்சினான். அந்தப் பிரிவை எடுக்கச் சொல்லித் தங்கையிடம் பேசுங்கள் என்று காலைப் பிடித்தானாம். அண்ணன் எழுந்து கதவைத் திறந்து 'வெளிய போ' என்றாராம். தான் எதிர்த்து ஓட்டுப் போட்டால் ஊரே காறித் துப்பும், அவர் செத்தால் ஊர் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடும் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியதாம்.

"ஆனா அவர்தான் உயிரோட இருக்காரே," என்றான் டீச்சரைப் பார்த்து. "நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் அவன் கையிலிருந்த கீறல்களையே பார்த்தாள். அவனுக்குப் புரிய அதுவே போதுமாக இருந்தது.

ஜீப் கதவு சாத்தப்பட்டது. டீச்சர் செல்போனை எடுத்தாள். ஊருக்குப் போன் போட்டாள். மறுமுனையில் சிரிப்பும் உற்சாகமுமாக அண்ணி. டி.வி.யில் பார்த்தாளாம், ஜெயித்துவிட்டீர்களாமே, அந்த பலூன் மாமா ஏதோ வாய்க்கு வந்ததை உளறினாரே, அவரிடம் போனைக் கொடு என்றாள்.

"அண்ணி..." என்றாள் டீச்சர். "அண்ணன் மாத்திரை போடலை அண்ணி. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

நெடுநேரம் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் எழுந்த அழுகை முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் எடுத்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து நின்றாள். கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்தாள், அப்புறம் கண்ணையும் துடைத்தாள். ஜலதோஷம்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"அந்த ஒரு ஓட்டு அவனோடதுதானே மேடம்?"

டீச்சர் தலையசைத்தாள்.

அப்போதுதான் கிளம்பிய ஜீப் திருப்பத்தில் மறையும்வரை இன்ஸ்பெக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுச் சட்டத்துல முதல் கேஸே அவன் மில்தான். தன்னை உள்ள தள்ளற சட்டத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டு, தானே ஓட்டும் போட்டு, தானே நடந்து வந்து ஜீப்ல ஏறியிருக்கான். இப்படி ஒரு கடமை தவறாத உறுப்பினரை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல மேடம்!"